வாவிக்கரை வீதிக்கு வேகப் பூட்டு வேண்டும்

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தைத் தாண்டித் தெற்கே ஓடும் ஏ4 வீதிக்கு விலகிப்போக இடமில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காத்தான்குடி, ஆரையம்பதி, செட்டிபாளையம், களுவாஞ்சிகுடி, கல்லாறு என ஊர்களெல்லாம் அந்த ஒடுங்கிய நிலத்தில்தான் அடுத்தடுத்து இருக்கின்றன. தூர இடத்து பஸ்ஸும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும், மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளும், குறுக்கே வரும் மாடும் இந்த ஒரே வீதியைத்தான் நம்பியிருக்கின்றன.

நகர்ப்புறத்தில் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே காருக்கு 70 என்பது சட்டம். அந்த வித்தியாசம் சின்னதல்ல. 50இல் வரும் கார் மோதுவதைவிட 65இல் வரும் கார் மோதும்போது பாதசாரி இறக்கும் ஆபத்து நாலரை மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 80இல் ஓடும் பஸ், சாரதி பிரேக்கில் கால் வைக்க எடுக்கும் ஒரு விநாடியிலேயே 22 மீற்றர் கடந்துவிடும்.

பொலிஸார் வேகமளக்கும் கருவியுடன் நிற்கத்தான் செய்கிறார்கள். ஆனால் எதிரே வரும் வாகனம் லைட் அடித்துச் சொல்லிவிடுகிறது. அந்த இடம் தாண்டியதும் வேகம் பழையபடி ஏறுகிறது. வாகனத்துக்குள்ளேயே காவல் இருந்தால் இந்த ஒளித்து விளையாட்டு நடக்காது.

இது புதுமையும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரிய பஸ்களின் வேகம் 100இலும், கனரக லொறிகளின் வேகம் 90இலும் கருவியால் பூட்டப்பட்டிருக்கிறது. 2024 ஜூலை முதல் அங்கு விற்கப்படும் எல்லாப் புதிய கார்களிலும், வீதியின் வேக எல்லையை வரைபடத்தாலோ கமராவாலோ அறிந்து சாரதியை எச்சரிக்கும் வசதி கட்டாயம். இந்தியா வர்த்தக வாகனங்களுக்கு 80 என்ற உச்ச வரம்பு வைத்திருக்கிறது.

2025 பெப்ரவரியில் இறக்குமதித் தடை நீங்கியபின் இலங்கைக்கு வரும் கார்கள் பலவற்றில், முன்வாகனத்தோடு இடைவெளி பேணித் தானாக வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி உண்டு. தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் அது உதவும். வாவிக்கரையில் அதை நம்பியிருக்க முடியாது. நின்றுகொண்டிருக்கும் வாகனத்தையோ, திடீரெனக் குறுக்கிடும் விலங்கையோ அது தவறவிடக்கூடும் என்று தயாரிப்பாளர்களின் கையேடுகளே எச்சரிக்கின்றன.

இங்கே தேவைப்படுவது பஸ்களுக்கும் லொறிகளுக்குமான வேகப் பூட்டு. அதுவும் ஒரே உச்ச வரம்பு போதாது: 70இல் பூட்டிய பஸ் காத்தான்குடிச் சந்தைத் தெருவிலும் 70இல் ஓட முடியும். ஊர் எல்லைக்குள் நுழைந்ததும் ஜிபிஎஸ் மூலம் 50க்கு இறங்கும் கருவியே வேண்டும்.

சாரதிகளை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. அன்றைய வசூலை நம்பி ஓடும் தனியார் பஸ், முன்னால் போகும் இலங்கை போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்ஸை முந்தத்தான் பார்க்கும். இரு தரப்புக்குமான கூட்டு நேர அட்டவணை ஒழுங்காக நடைமுறையானால்தான் அந்தப் போட்டி தணியும். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். 80இல் போகாமல் 60இல் போனால் பத்து நிமிடம்தான் கூடும். அந்தப் பத்து நிமிடத்தை அட்டவணையிலேயே சேர்த்துவிடலாம்.

மாகாணங்களுக்கிடையிலான பஸ்களுக்கு அனுமதி வழங்குவது தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. அடுத்த அனுமதிப் புதுப்பித்தலிலேயே வேகப் பூட்டை நிபந்தனையாக்க அதனால் முடியும். கருவியின் முத்திரை உடைக்கப்பட்டிருக்கிறதா என்பதை வருடாந்தத் தகுதிச் சான்றிதழ் பரிசோதனையில் பார்க்க வேண்டும். உடைந்திருந்தால் அந்த பஸ்ஸுக்கு வருமான அனுமதிப்பத்திரம் கொடுக்கக் கூடாது.