தண்ணீர் மணி மட்டும் போதுமா?



1774-ஆம் ஆண்டு லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவரும் அவருடைய நண்பர்களும் ஒரு சோதனை செய்தார்கள். கொதிக்கும் நீரைவிட அதிகமாகச் சூடேற்றிய ஓர் அறைக்குள் நுழைந்து சில நிமிடங்கள் நின்றார்கள். அந்த அறையில் வைத்த முட்டை 20 நிமிடத்தில் வெந்து கெட்டியாகிவிட்டது. மனிதர்களின் உடல் வெப்பநிலையோ ஏறக்குறைய மாறவே இல்லை. அவர்களைக் காத்தது எது? முக்கியமாக, வியர்வைதான்.

கையில் சிறிது தண்ணீரைத் தடவி ஊதிப் பாருங்கள். சில்லென்று இருக்கிறதல்லவா? நீர் ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. நம் மூளையில் உள்ள ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதி, உடல் வெப்பநிலையை 37 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருக்கப் பாடுபடுகிறது. உடல் சூடேறினால், தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வியர்வைச் சுரப்பிகளை முடுக்கிவிடுகிறது. வெளிக்காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால், வியர்வை ஒன்றே நமக்குத் துணை. கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் அதுவும் எளிதில் ஆவியாகாது, வீணே வழிந்தோடும்.

வியர்வைக்கு மூலதனம் நாம் குடிக்கும் தண்ணீர். அது குறைந்தால் இரத்தத்தின் அளவு குறையும், வியர்வையும் குறையும். தலைவலியும் மயக்கமும் வரும். உடல் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

2019-இல் கேரளப் பள்ளிகள் சிலவற்றில் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள். பிற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. நல்ல ஏற்பாடுதான். ஆனால், மணி மட்டும் போதாது என்பது என் கருத்து. கழிப்பறை சுத்தமாக இல்லாத பள்ளிகளில் மாணவிகள் பலர் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள். மாலை மணி அடித்து வீட்டுக்குப் போகும்வரை தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர் மணியால் என்ன பயன்?

ஆகவே, குடிநீர்க் குழாயையும் கழிப்பறையையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்ததுதான் வெயிலுக்கு எதிரான பாதுகாப்பு. உச்சி வெயிலில் விளையாட்டு வகுப்பு வைக்காதிருப்பதும் அதில் அடங்கும். இவற்றை ஆசிரியரிடம் கேட்பதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. உங்கள் உடல் ஓய்வில்லாமல் தன் கடமையைச் செய்கிறது. அதற்கு வேண்டியதைத் தருவது பள்ளியின் கடமை.