இரண்டாவது பேட்ச்சைப் பாருங்கள்

ஒவ்வொரு வருஷமும் மே மாதம் பிறந்ததும் லிங்க்ட்இன் பக்கம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். 'கூகுள் சம்மர் ஆஃப் கோட்'டுக்குத் தேர்வான பிள்ளைகள் கடிதத்தைப் படம் எடுத்துப் போடுவார்கள். கல்லூரிகள் பேனர் வைக்கும். "எங்கள் மாணவர்கள் இத்தனை பேர்" என்று துறைத் தலைவர்கள் எண்ணிக்கை சொல்வார்கள். நானும் வாழ்த்து போடுவேன், மனசாரத்தான். ஆனால் இந்தக் கட்டுரை அந்தப் பேனரில் இல்லாதவர்களைப் பற்றியது. அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியவர்களைப் பற்றியது. திருப்பி அனுப்பியவர்களில் நானும் ஒருத்தன் என்பதால் யாரையும் விரல் நீட்டும் உரிமை எனக்குக் கொஞ்சம் கம்மி. இருந்தாலும் நீட்டத்தான் போகிறேன்.

நான் அனுமந்தைக்காரன். ஈசிஆரில் மரக்காணம் தாண்டிப் பாண்டிக்குப் போகிற பஸ்ஸில் ஒரு குட்டித் தூக்கம் போட்டால் தவறவிட்டுவிடுகிற ஊர். பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் எனக்கும் கிடைத்தது. 2011-இல் ஆரம்பித்த திட்டம் அது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது. எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் அறிவு இல்லை. பக்கத்துத் தெரு அண்ணன் ஒருத்தர் பாண்டியில் வேலை பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, டெர்மினல் என்றால் என்ன என்று காட்டிவிட்டுப் போனார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் வாழ்க்கையில் 'திறமை' என்று எதையாவது சொல்வதானால் அதன் விதை அங்கேதான் இருக்கிறது.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு சின்னத் தமிழ்த் திறமூல மென்பொருளுக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருந்தேன். பெயர் வேண்டாம். போனில் தமிழ்ப் புத்தகம் படிக்கிற ஆப் அது. ஒரே ஒரு இடம், முப்பதுக்கு மேல் விண்ணப்பம். யாருடைய கிட்ஹப் கணக்கில் எத்தனை பேட்ச் ஏற்கப்பட்டிருக்கிறது, திட்ட வரைவு எப்படி எழுதியிருக்கிறார்கள், இரண்டுக்கும் மார்க். வசதியான முறை. இரண்டு மணி நேரத்தில் முடித்தோம்.

அதில் ஒரு விண்ணப்பம் எங்கள் பக்கத்துப் பெண்ணுடையது. உப்பளத்து வீடு. ஆங்கிலத்தில் மூன்றே வரி எழுதியிருந்தாள். ஏற்கப்பட்ட பேட்ச் பூஜ்யம். ஆனால் அதற்கு முன்பே அவள் ஒரு பிழைப் புகார் போட்டிருந்தாள், தமிழில். 'ஆப்பை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அட்டைப்படம் எல்லாத்தையும் மறுபடி இறக்குது, டேட்டா தீர்ந்துபோகுது' என்று. படிவத்தில் கேட்ட பதிப்பு எண், சாதன விவரம் எதுவும் இல்லை. அந்தப் புகாரை 'விவரம் போதாது' என்று மூடியவன் நான். விண்ணப்பத்துக்குப் பத்துக்கு இரண்டு மார்க் போட்டவனும் நானே.

நான்கு மாதம் கழித்து வேறொருத்தர் அதே பிழையைக் கண்டுபிடித்து, அழகான ஆங்கிலத்தில் எழுதினார். உடனே சரிசெய்தோம். எங்கள் குழுவில் ஐந்து பேர். ஐந்து பேர் வீட்டிலும் வைஃபை. அந்தப் பிழை எங்கள் கண்ணில் படவே வாய்ப்பில்லை. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபியை அம்மா, தம்பி, தான் என்று மூன்று பேர் பங்கு போடுகிற வீட்டில் இருந்தவளுக்குத்தான் அது பட்டது. அதாவது, அந்த மென்பொருளுக்கு எந்த மாதிரி ஆள் தேவைப்பட்டதோ அந்த ஆளைத்தான் நாங்கள் 'தகுதி இல்லை' என்று ஒதுக்கினோம்.

தேர்வான பையன் நல்ல பையன். வேலையை முடித்தான், சான்றிதழ் வாங்கினான், பெங்களூரு போனான். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. அவன்மேல் தப்பில்லை. ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவனைத் தேடிப் பிடித்து 'வழிகாட்டினோம்' என்று சொல்லிக்கொண்டது யார்?

ஏற்கப்பட்ட பேட்ச்சை எண்ணும்போது உண்மையில் எதை எண்ணுகிறோம்? சொந்த லேப்டாப் எத்தனை வருஷமாக இருக்கிறது, சீனியர் யாராவது 'இந்த புராஜெக்ட்டில் சுலபமான பிழை இருக்கு, எடுத்துக்கோ' என்று சொன்னார்களா, இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் ஒரு மூலை கிடைக்கிறதா. இதையெல்லாம் கூட்டி அதற்குத் 'தகுதி' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

காலண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்மர் ஆஃப் கோட் விண்ணப்பம் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில். அதற்கு முன்பே இரண்டு மூன்று மாதம் சம்பளமில்லாமல் பேட்ச் போட்டுப் பழகியிருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. எங்கள் பக்கத்தில் ஜனவரியில் பாத்தி வேலை ஆரம்பிக்கும். மார்ச், ஏப்ரல், மே என்றால் வெயில் ஏறி உப்பு விளைகிற காலம். வீட்டில் இருக்கிற அத்தனை கையும் தேவைப்படுகிற காலம். அக்டோபர் முதல் மழை, வேலை இல்லை. அந்த மாதங்களுக்கென்று அரசாங்கம் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது என்றால் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத் தேதியை வைத்தவர்களுக்கு உப்பளம் தெரிய வேண்டியதில்லை. நமக்குத் தெரியுமே?

இங்கே ஒரு குரல் எழும். எனக்குத் தெரிந்த குரல், என் குரலே அது. "மென்டர் எல்லாரும் தன்னார்வலர்கள். ஆபீஸ் முடிந்து ராத்திரி உட்கார்ந்து கோட் ரிவ்யூ பண்றாங்க. அரிச்சுவடி சொல்லித்தர நேரம் ஏது? திறமூலம் என்ன தர்ம சத்திரமா?"

நியாயமான கேள்விதான். கூட்டம் வந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2020 அக்டோபரில் 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' நடந்தது. நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் ஒரு டீஷர்ட். இந்தியாவிலிருந்து வந்த ஒரு யூடியூப் பாடம், ரீட்மீ கோப்பில் ஒரு வார்த்தை சேர்த்து அனுப்புவது எப்படி என்று செய்து காட்டியது. பிறகு உலகம் முழுக்க மென்பொருள் பராமரிப்பாளர்களின் வாசலில் குப்பை வந்து கொட்டியது. சில நாளிலேயே, சம்மதிக்கிற புராஜெக்ட்கள் மட்டும்தான் கணக்கு என்று விதியை மாற்றினார்கள். இந்தியப் பிள்ளைகள் என்றாலே எரிச்சல் என்கிற பேச்சு அப்போது கிளம்பியது, இன்னும் ஓயவில்லை. இப்போது ஏஐ எழுதிக் கொடுக்கிற திட்ட வரைவுகள் வேறு சேர்ந்துகொண்டன.

ஆனால் அந்தக் குப்பைக்குக் காரணம் என்ன? எண்ணிக்கையைப் பரிசாக வைத்தார்கள், எண்ணிக்கை வந்தது. அதே எண்ணிக்கையைத்தானே தேர்வுக் குழுவில் நாமும் கேட்கிறோம்? டீஷர்ட்டுக்குப் பதில் சான்றிதழ். 'சம்மர் ஆஃப் கோட் பாஸ் ஆவது எப்படி' என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிற ஆட்களை நாம்தான் உருவாக்கினோம். நீட்டுக்குக் கோச்சிங் வந்தபோது கொதித்தவர்கள் இதற்கு மட்டும் கைதட்டுகிறோம்.

வாசலை எப்படித் திறக்கிறோம் என்பது எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 2006-இல் க்னோம் திட்டத்துக்கு சம்மர் ஆஃப் கோட் வழியாக 181 விண்ணப்பங்கள் வந்தன. அதில் ஒரு பெண்கூட இல்லை. 'பெண்களுக்கு ஆர்வமில்லை' என்று கோப்பை மூடியிருக்கலாம். அவர்கள் பெண்களுக்கென்றே தனியாக ஓர் அழைப்பு விட்டார்கள். நூற்றுக்கும் மேல் விண்ணப்பம் வந்தது. ஆர்வம் முன்பே இருந்திருக்கிறது, அழைப்புதான் அவர்களை எட்டவில்லை. அந்த முயற்சிதான் பின்னால் 'அவுட்ரீச்சி' ஆக வளர்ந்தது. எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே உதவித்தொகை என்பது அதன் கொள்கை. சம்மர் ஆஃப் கோட் நாட்டுக்கு நாடு தொகையை மாற்றுகிறது. இந்த வித்தியாசத்தைப் பற்றி யாராவது தனிக் கட்டுரை எழுதுங்கள்.

அது தூரத்துக் கதை என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் கரையில் ஏறிய அதே அலைதான் இலங்கையிலும் ஏறியது. காணாமல் போனவர்கள், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் என்று எதற்கும் கணக்கில்லாமல் தவித்தபோது, அங்கிருந்த நிரலாளர்கள் தன்னார்வமாக ஒன்றுகூடி 'சஹானா' என்ற கட்டற்ற மென்பொருளை எழுதினார்கள். அடுத்த வருஷம், 2005-இல், சம்மர் ஆஃப் கோட் ஆரம்பித்தது. அதன் முதல் பத்து வருஷத்தில் உலகத்திலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் எது தெரியுமா? அமெரிக்காவில் இல்லை, நம் ஐஐடிகளும் இல்லை. கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற மொரட்டுவை. கட்டணமில்லாத அரசுப் பல்கலைக்கழகம். அங்கே ஏற்கெனவே அப்பாச்சி மென்பொருள்களில் வேலை செய்துகொண்டிருந்த அண்ணன்மாரும் அக்காமாரும் இருந்தார்கள். ஒரு வருஷம் தேர்வானவர் அடுத்த வருஷம் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். எனக்குக் கிடைத்த அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவர்கள் ஒரு வழக்கமாக ஆக்கிவைத்தார்கள்.

நம்மிடம் இதற்கு ஆளே இல்லையா? இருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்திலேயே விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு 2013-லிருந்து கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கற்றுக்கொடுக்கிறது. 2012-லிருந்து கணியம் தமிழிலேயே கணினி நுட்பத்தை எழுதிக்கொண்டிருக்கிறது. ஆனால் அனுமந்தையிலிருந்து விழுப்புரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பாண்டி போய் பஸ் மாற வேண்டும். வீட்டிலிருந்து ஒரு பெண் வாராவாரம் அப்படிப் போய்வர என்னென்ன பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இந்தச் சிலர் தோளில் எல்லாச் சுமையையும் ஏற்றிவிட்டு, சம்பளம் வாங்குகிற நாம் தேர்வுக் குழுவில் மட்டும் உட்காருகிறோம்.

உப்பளத்தில் ஒரு கணக்கு உண்டு. கடல் தண்ணீர் மூன்று டிகிரி வாக்கில் இருக்கும். இருபத்தைந்து டிகிரிக்கு ஏறினால்தான் உப்பு பூக்கும். நடுவில் அதைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலில் காயவைத்து, காத்திருந்து கெட்டிப்படுத்த வேண்டும். வேலை என்பதே அதுதான். 'இருபத்தைந்து டிகிரி தண்ணி இருந்தா மட்டும் கொண்டாங்க, வாரிக்கிறேன்' என்று ஒருத்தர் வந்து நின்றால் அவரை எங்கள் ஊரில் உப்பளக்காரர் என்று சொல்ல மாட்டார்கள். யாவாரி என்பார்கள்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றால், மூன்று விஷயம்.

ஒன்று, முதல் பேட்ச்சைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் பேட்ச்சை யார் வேண்டுமானாலும் எழுதித் தரலாம். சீனியர் தரலாம், ஏஐ தரலாம். அதில் என்ன தப்பு என்று ரிவ்யூவில் எழுதுங்கள், தமிழில் வேண்டுமென்றால் தமிழில். ஒரு வாரம் விடுங்கள். திரும்பி வருகிற இரண்டாவது பேட்ச்சைப் பாருங்கள். சொன்னதைப் புரிந்துகொண்டாரா, எதிர்க்கேள்வி கேட்டாரா, நீங்கள் சொன்னதே தப்பு என்று நிரூபித்தாரா. கற்றுக்கொள்ளும் ஆள் யார் என்பது அங்கேதான் தெரியும். மென்டருக்கு நேரமும் மிச்சம், ஏனென்றால் குப்பை அனுப்புகிறவர்கள் இரண்டாவது தடவை வருவது அபூர்வம். தரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. ரிவ்யூவில் கறாராகவே இருங்கள்.

இரண்டு, தேர்வுக் காலத்துச் செலவை புராஜெக்ட் ஏற்கட்டும். ஒரு மாத டேட்டா பேக், பக்கத்து ஊர் நூலகத்திலோ கல்லூரி லேபிலோ ஒரு நாற்காலி. நாம் ஒரு மீட்டப்பில் பீட்ஸாவுக்குக் கொடுக்கிற காசுதான். ஆங்கிலம் பிறகு வரட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தமிழ் மென்பொருளுக்குள் நுழையவே ஆங்கிலம் வேண்டும் என்பதைச் சொல்ல நமக்கு எப்படி வாய் வருகிறது?

மூன்று, தேர்வானவர்களை எண்ணுவதை விடுங்கள். ஒரு வருஷம் கழித்து எத்தனை பேர் இன்னும் அந்த மென்பொருளில் இருக்கிறார்கள், எத்தனை பேர் இன்னொருத்தருக்குச் சொல்லித்தருகிறார்கள் என்று எண்ணுங்கள். பேனரில் போட அந்த எண் சின்னதாகத்தான் இருக்கும். பரவாயில்லை.

போன டிசம்பரில் ஊருக்குப் போனபோது அந்தப் பெண்ணைப் பார்த்தேன். டிகிரி முடித்துவிட்டு, பாண்டியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். உன் விண்ணப்பத்தைத் தள்ளியது நான்தான் என்று சொன்னேன். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அத வுடுண்ணா. அந்த ஆப்பு இன்னும் டேட்டாவைத் தின்னுதா?"

"இல்லம்மா. சரி பண்ணிட்டாங்க."

"யாரு கண்டுபிடிச்சாங்க?"

எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. லினக்ஸ் கெர்னலில் ஒரு வழக்கம் உண்டு. திருத்தம் எழுதியவர் பெயரோடு, பிழையைச் சொன்னவர் பெயரையும் ஒரு தனி வரியாகப் போடுவார்கள். எங்கள் மாற்றக் குறிப்பில் அவள் பெயர் இல்லை. அன்று ராத்திரியே சேர்த்தேன். தாமதமான ஒரு வரி, அதனால் அவளுக்கு வேலை ஒன்றும் கிடைத்துவிடப் போவதில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் ஏதாவது ஒரு திறமூல மென்பொருளில் கை வைத்திருப்பீர்கள். இன்றைக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். மூடிய புகார்களின் பட்டியலுக்குப் போய், 'விவரம் போதாது' என்று மூடியவற்றைத் தேடுங்கள். அதில் தமிழில் எழுதியது ஏதாவது இருந்தால், திறந்து படியுங்கள். எழுதியவருக்கு ஒரு பதில் போடுங்கள்.