கரடிக்கு ஒரு நாற்காலி

1987 அக்டோபர் 16, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸில் 'வால் ஸ்ட்ரீட் வீக்' ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. அன்று பகலில்தான் டவ் ஜோன்ஸ் குறியீட்டெண் 108 புள்ளிகள் விழுந்திருந்தது. குழுவில் அமர்ந்திருந்த மார்ட்டி ஸ்வைக் என்ற முதலீட்டு ஆய்வாளர், சந்தை கடுமையாகச் சரியப்போகிறது என்று அஞ்சுவதாகச் சொன்னார். இடையில் இரண்டே நாள் விடுமுறை. திங்கட்கிழமை டவ் ஒரே நாளில் 508 புள்ளிகளை இழந்தது. 22.6 சதவீதம். சதவீதக் கணக்கில் அவ்வளவு பெரிய ஒருநாள் சரிவை அந்தக் குறியீடு இன்றுவரை கண்டதில்லை.

அந்த எச்சரிக்கை சாதாரணக் குடும்பங்களின் வரவேற்பறை வரை வந்ததென்றால், அதற்கு நிகழ்ச்சியின் தொகுப்பாளர் லூயிஸ் ரூக்கைசர் அமைத்துத் தந்த மேடைதான் காரணம்.

1933இல் பிறந்தவர். தந்தை மெரில் ஸ்டான்லி ரூக்கைசர், ஹெர்ஸ்ட் நாளிதழ்களில் பொருளாதாரப் பத்தி எழுதியவர். பணத்தைப் பற்றிய பேச்சு கேட்டு வளர்ந்தாலும், மகன் தொழில் பழகியது அரசியல் செய்தியிலும் வெளிநாட்டுச் செய்தியிலும்தான். பால்டிமோர் சன் நாளிதழுக்காக லண்டனிலும் ஆசியாவிலும் நிருபராக இருந்துவிட்டு, ஏபிசி தொலைக்காட்சிக்குப் போனார். அவர் தரகர் அல்லர், எதையும் விற்க வந்தவரும் அல்லர். பின்னாளில் மக்கள் அவரை நம்பியதற்கு இதுவே முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

1970 நவம்பரில் நிகழ்ச்சி தொடங்கியபோது டவ் 800 புள்ளிகளுக்கும் கீழே கிடந்தது. படப்பிடிப்பு நடந்தது நியூயார்க்கில் அல்ல. பால்டிமோருக்கு அருகிலுள்ள ஓவிங்ஸ் மில்ஸ் என்ற ஊரில். வாரம் முடிந்து சந்தை மூடிய பிறகு, வெள்ளி இரவில் அவர் வந்து நிற்பார். அந்த வாரம் நடந்ததைச் சிலேடையும் கேலியுமாகச் சொல்வார். காளமேகத்தை ரசித்த நமக்குத் தெரியும், நல்ல சிலேடை எவ்வளவு கனமான விஷயத்தையும் எளிதாக உள்ளே இறக்கிவிடும். பிறகு பார்வையாளர்களின் கேள்விகளுக்கு விடை, அதன் பின் விருந்தினருடன் உரையாடல். அரைமணி நேரம், அவ்வளவுதான். நொடிக்கு நொடி விலை ஓடும் இன்றைய திரையின் பதற்றம் அதில் இல்லை.

காலமும் அவருக்கு வழிவிட்டது. 1975இல் தரகுக் கட்டணத்தின் மீதிருந்த நிலையான விகிதம் நீக்கப்பட்டது. 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றிலிருந்து 401(கே) ஓய்வூதியச் சேமிப்பு கிளைத்தது. சாதாரண ஊழியர்கள் தங்கள் முதுமைக்கான பணம் பங்குச்சந்தையில் இருப்பதைக் கண்டார்கள். அவர்களுக்குப் புரியும் மொழியில் பேச ஆள் தேவைப்பட்டது. அந்த இடத்தில் அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

ஆனால் 1999ஐ மறைத்துவிட்டு அவரைப் புகழ முடியாது. சந்தையின் போக்கைக் கணிக்க ஓர் ஆய்வாளர் குழுவை வைத்திருந்தார். 'எல்ஃப்கள்' என்பது அவர் சூட்டிய செல்லப்பெயர். அதில் கெயில் டுடாக் என்பவர், விலைகள் அளவுக்கு மீறி ஏறிவிட்டன என்று விடாமல் சொல்லிவந்தார். இணைய நிறுவனப் பங்குகள் வானத்தைத் தொட்டுக்கொண்டிருந்த நேரம் அது. சரிவை எதிர்பார்ப்பவரைச் சந்தை மொழியில் கரடி என்பார்கள்; அந்தக் கரடியின் குரல் அப்போது யாருக்கு இனிக்கும்? அந்த நவம்பரில் ரூக்கைசர் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். 2000 மார்ச்சில் தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த நாஸ்டாக் குறியீடு 5,000 புள்ளிகளைக் கடந்து உச்சம் தொட்டது. 2002 அக்டோபரில் அது 1,200க்கும் கீழே இருந்தது. ஸ்வைக்குக்குக் கிடைத்த நாற்காலி டுடாக்குக்கும் மிகவும் தேவைப்பட்ட தருணத்தில் பறிபோயிருந்தது.

2002இல், நிகழ்ச்சியைத் தயாரித்துவந்த மேரிலாந்துப் பொதுத் தொலைக்காட்சி அதை இளமையாக்க விரும்பி, அவரை ஒதுக்க முடிவெடுத்தது. மார்ச் மாத ஒளிபரப்பிலேயே அவர் அதைக் கண்டித்துப் பேசினார். நிலையம் உடனே அவரை விலக்கியது. அடுத்த மாதமே சிஎன்பிசியில் புதிய நிகழ்ச்சி தொடங்கினார். 2003இல் நோய் அவரை நிறுத்தியது. 2006 மே 2 அன்று, 73 வயதில், புற்றுநோயால் இறந்தார்.

32 ஆண்டுகள் ஒரு தேசத்தின் நடுத்தர வர்க்கத்துக்குப் பங்குச்சந்தையின் அரிச்சுவடி கற்றுத் தந்தவர் அவர். அந்தப் பணியில் அவருக்கு இணையாகத் தொலைக்காட்சியில் இன்னொருவரைச் சொல்வது கடினம். டுடாக்கை மட்டும் அவர் அனுப்பியிருக்கக் கூடாது.