கரி இருக்கிறது, கவலை தீர்ந்ததா?

நாம் விழுங்கும் மாத்திரை நோயைத் தீர்த்துவிட்டு உடம்புக்குள்ளேயே மறைந்துவிடுகிறது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. பல மருந்துகளில் ஒரு பகுதி எந்த மாற்றமும் அடையாமல் சிறுநீருடன் வெளியேறுகிறது; சாக்கடை வழியாகக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் மற்றக் கழிவுகளைத் தின்று தீர்த்துவிடும். ஆனால் வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் கார்பமாசிபைன், வலி நீக்கும் டைக்ளோஃபினாக் போன்றவற்றை அவற்றால் சரிவரச் சிதைக்க முடிவதில்லை. எஞ்சிய மருந்து ஆற்றில் கலக்கிறது.

இதைப் பிடித்து நிறுத்த விஞ்ஞானிகள் கையாளும் பொருள்களுள் ஒன்று கரி. அடுப்புக்கரி அன்று, கிளர்வூட்டிய கரி. தேங்காய்ச் சிரட்டை, மரம், நிலக்கரி போன்றவற்றைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி, ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதன்மீது நீராவியைச் செலுத்துவார்கள். நீராவி கரியை அரித்து, கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடித் துளைகளை உண்டாக்கும். இத்தகைய கரி ஒரு கிராமை எடுத்து, அதன் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் 1000 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள கபடி ஆடுகளங்கள் ஏழு அதில் அடங்கிவிடும்!

மருந்தின் மூலக்கூறுகள் இந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. இதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர். பல்லியின் பாதத்தைச் சுவரோடு பிடித்து வைப்பதும் இதே வகையான மூலக்கூறுக் கவர்ச்சிதான்.

சுவிட்சர்லாந்து நாடு 2016-ஆம் ஆண்டு முதல் இதற்கெனச் சட்டமே நடைமுறைப்படுத்தி வருகிறது. முக்கியமான சுத்திகரிப்பு நிலையங்கள் மருந்து போன்ற நுண் மாசுகளில் 80 சதவீதத்தை அகற்ற வேண்டும். சில நிலையங்கள் ஓசோன் வாயுவைப் பயன்படுத்துகின்றன. சில கரியைப் பயன்படுத்துகின்றன. செலவுக்காக ஆளுக்கு ஆண்டொன்றுக்கு அதிகபட்சம் 9 ஃபிராங்க் வசூலிக்கப்படுகிறது. பாராட்ட வேண்டிய ஏற்பாடு.

அப்படியானால் எல்லா ஊர்களிலும் கரியைக் கொட்டிவிட்டால் போதுமே என்று நீங்கள் கேட்கலாம். போதாது என்பதே என் கருத்து.

முதலாவதாக, எல்லா மருந்துகளும் கரிக்குக் கட்டுப்படுவதில்லை. நீரிழிவு நோயாளிகள் உட்கொள்ளும் மெட்ஃபார்மின் நீரில் எளிதாகக் கரையும். ஆகவே கரியில் எளிதாக ஒட்டாது. இரண்டாவதாக, கரி மருந்தை அழிப்பதில்லை. நீரிலிருந்து தன்னிடத்துக்கு மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். துளைகள் நிரம்பிய கரியை மீண்டும் உலையிலிட்டுப் புதுப்பிக்க வேண்டும். அல்லது எரித்துவிட வேண்டும். இரண்டுக்கும் எரிபொருள் செலவாகும்.

மூன்றாவது காரணத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஐரோப்பிய நிலையங்களில் ஒரு லிட்டர் கழிவுநீருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை கரித்தூள் போடுகிறார்கள். அந்நீரில் ஒரு மருந்தின் அளவு பெரும்பாலும் மில்லிகிராமில் ஆயிரத்தில் சில பங்குதான். எனவே கரியால் சமாளிக்க முடிகிறது.

இப்போது ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள பட்டாஞ்சேருவைப் பாருங்கள். ஏறத்தாழ 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவு ஒரே சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்தது. அங்கிருந்து வெளியேறிய நீரைச் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் சோதித்து, 2007-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். சிப்ரோஃப்ளாக்சாசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை இருந்தது! அங்கே போடும் கரியின் எடையைவிட இங்கே மருந்தின் எடை அதிகம். இம்மருந்தை உட்கொண்ட நோயாளியின் இரத்தத்தில்கூட இவ்வளவு இருக்காது. இத்தகைய நீரில் பிழைத்துப் பெருகும் பாக்டீரியாக்கள் எவை? மருந்துக்கு மசியாதவை. நாளை அவற்றால் நோய் வந்தால் எந்த மருந்தைக் கொடுப்பது?

ஆகவே இருவகை மாசுகளையும் நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். நோயாளியின் உடல் வழியாக வருவதைத் தடுக்க முடியாது. மருந்தை நிறுத்தச் சொல்வது மடமை. அந்த எச்சத்துக்குக் கரி தக்க காவல். தொழிற்சாலையிலிருந்து வருவதோ தடுக்கக்கூடியது. அதைத் தொழிற்சாலை வாயிலுக்குள்ளேயே நிறுத்த வேண்டும். கழிவு அங்கே அளவில் குறைவாகவும் செறிவாகவும் இருப்பதால், அங்கே சுத்தம் செய்வதே எளிது. ஆற்றில் கலந்தபின் தேடிப் பிடிப்பது, உப்பைக் கடலில் கொட்டிவிட்டுப் பொறுக்குவது போன்றதாகும்.

இதனால் மருந்தின் விலை உயரும் என்பார்கள். சற்று உயரலாம். ஆனால் இன்றும் அந்தச் செலவை யாரோ ஏற்கத்தான் செய்கிறார்கள்: கிணறு கெட்ட உழவரும், மருந்து பலிக்காத நோயாளியும்.

நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான வரைவு விதிகளில், 121 ஆன்டிபயாடிக் மருந்துகள் கழிவில் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு வரம்புகள் இருந்தன. 2021-இல் வந்த இறுதி விதிகளில் அவ்வரம்புகள் இடம்பெறவில்லை. இது வருந்தத்தக்கது. தமிழ்நாட்டில் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து கிளர்வூட்டிய கரி செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். கரிக்கு இங்கே பஞ்சமில்லை, விதிக்குத்தான் பஞ்சம்.

மாணவ நண்பர்களே! காலாவதியான மாத்திரைகளைக் கழிப்பறையிலோ கழுநீர்த் தொட்டியிலோ கொட்டாதீர்கள். வீட்டில் கொட்டினால் தடுத்துச் சொல்லுங்கள். உங்களில் சிலர் நாளை இரசாயன நிபுணர்கள் ஆவீர்கள். சிலர் சட்டம் இயற்றும் இடத்தில் அமர்வீர்கள். இன்னும் சிறந்த கரியைக் கண்டுபிடியுங்கள். அந்தக் கரிக்கு வேலை குறையும்படி விதி செய்யவும் மறவாதீர்கள்.