வாசலில் நிறம் பார்க்கும் உடைவிதிகள்: எங்கள் நிலைப்பாடு

அமெரிக்க நகரங்களின் மதுக்கூடங்களிலும் இரவு விடுதிகளிலும் உடைவிதியைக் காரணம் காட்டிக் கறுப்பின மக்களை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வழக்கத்தை எங்கள் அமைப்பு வன்மையாகக் கண்டிக்கிறது.

விதிப் பலகையைப் படித்தாலே நோக்கம் புரிந்துவிடும். தொளதொள ஜீன்ஸ், விளையாட்டு ஜெர்சி, நீளமான வெள்ளை டீ-சர்ட், தடித்த சங்கிலி, பக்கவாட்டில் திருப்பிய தொப்பி ஆகியவற்றுக்குத் தடை. கறுப்பின இளைஞர்களின் அடையாளமாகக் கருதப்பட்ட உடைகளாகத் தேடிப் பிடித்து எழுதிய பட்டியல் அது.

அதைவிடக் கொடியது, 'கண்ணியமான உடை' என்று பொதுவாக எழுதிவைத்து, எது கண்ணியம் என்பதை வாசலில் நிற்கும் பவுன்சரின் கையில் விட்டுவிடுவது. 2020-ல் பால்டிமோர் நகர உணவகம் ஒன்று, விளையாட்டு உடை அணிந்திருக்கிறான் என்று சொல்லி ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுவனுக்கு இடம் மறுத்தது. அதே இடத்தில் அதே போன்ற உடையில் ஒரு வெள்ளைச் சிறுவன் இருந்ததை, இடம் மறுக்கப்பட்ட சிறுவனின் தாய் படம்பிடித்தார். காணொளி பரவியது, நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. படம்பிடிக்க வாய்க்காமல் வீடு திரும்பியவர்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

சட்டம் இவர்களுக்குப் போதிய துணையாக இல்லை. 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி தங்கும் விடுதி, உணவகம், திரையரங்கு என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, மதுக்கூடத்தைச் சொல்லவில்லை. அதன்கீழ் வென்றாலும் தடையாணைதான் கிடைக்கும், இழப்பீடு கிடையாது. கேன்சஸ் சிட்டியின் 'பவர் அண்ட் லைட்' கேளிக்கை வட்டாரத்தில் பாகுபாடு நடந்ததாக 2014-ல் தொடுத்த வழக்கு, 2017-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. மனத்தில் இருக்கும் வெறுப்பைத் தனிமனிதர் ஒருவர் நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது அவ்வளவு கடினம். மாறாக, வாஷிங்டன் மாநகரின் 1977-ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டம் தோற்றத்தின் அடிப்படையிலான பாகுபாட்டையும் தடை செய்கிறது. நுழைவுக்கான உடைவிதி எல்லோருக்கும் ஒரே சீராகப் பொருந்தினால் மட்டுமே அதை ஏற்கிறது. மற்ற நகரங்களும் இந்த வழியில் வர வேண்டும்.

தமிழர்களுக்கு இது அயல் சங்கதி அல்ல. 2014-ல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க மன்றம் உள்ளே விடவில்லை. அதே ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றம் அத்தகைய தடைகளை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. நீதிபதிக்காக எழுந்த குரல், பெயர் தெரியாத கறுப்பின இளைஞனுக்காகவும் எழ வேண்டும் என்று உளமாரக் கேட்கிறோம்.

உடைவிதியே கூடாது என்பதல்ல எங்கள் வாதம். விதி எழுத்தில் இருக்கட்டும், வாசலில் தெரியும்படி தொங்கட்டும். எந்தப் பொருளுக்குத் தடை என்று துல்லியமாகச் சொல்லட்டும். திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொருவருக்கும் காரணத்தை எழுதித் தர வேண்டும். ஒரே மாதிரி உடுத்திய இருவரை, ஒருவர் கறுப்பர், மற்றவர் வெள்ளையர், அடுத்தடுத்து அனுப்பிப் பார்க்கும் சோதனையை நகர நிர்வாகமே முன்னறிவிப்பின்றி நடத்த வேண்டும். அதில் தவறும் கடைகளின் மது உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது. இவற்றை ஏற்காத இடங்களில் எங்கள் அமைப்பின் விழாக்களோ விருந்துகளோ இனி நடைபெறா.