ஏற முடியாத படியை இணையதளம் சொல்ல வேண்டும்

சுற்றுலா இணையதளத்தைப் பெரும்பாலோர் படம் பார்க்கத் திறப்பார்கள். மாற்றுத்திறனாளிகள் திறப்பது, போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க. படிகள் எத்தனை, சாய்தளம் உண்டா, கழிவறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையுமா என்பது தெரியாமல் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். அதற்குப் பின் வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருப்பதால், இன்றைய எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

பொதுப் பணத்தில் நடக்கும் ஒரு சுற்றுலாத் தளம் இவர்களுக்கு இரண்டு வகையில் திறந்திருக்க வேண்டும். பக்கத்தைப் படிக்கவும் இயக்கவும் முடிய வேண்டும். படித்தது பயணத்துக்குப் பயன்பட வேண்டும். முதலாவதற்கு அளவுகோல் தயாராக இருக்கிறது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999இல் வெளியிட்டு 2008, 2018, 2023 ஆண்டுகளில் புதுப்பித்த நெறிகளைத்தான் உலகம் பின்பற்றுகிறது. இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டி 2009இல் வந்தது. அதன் மூன்றாம் பதிப்பு 2023இல் வெளியானது. படத்துக்கு மாற்று உரை, காணொளிக்கு எழுத்து வரிகள், மவுஸ் இல்லாமல் விசைப்பலகையாலேயே முழுப் பக்கத்தையும் இயக்கும் வசதி, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வண்ண வேறுபாடு ஆகியவை இவற்றின் அடிப்படைகள். நிரல் எழுதத் தெரிந்தவருக்கு இவை எதுவும் கடினமான வேலையல்ல.

கடினம் என்று சொல்லித் தட்டிக்கழிப்பதும் புதிதல்ல. 2000 சிட்னி ஒலிம்பிக் போட்டிக்கான இணையதளத்தின் மீது, பார்வையற்றவரான புரூஸ் மகுவைர் 1999 ஜூனில் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார். படங்களுக்கு மாற்று உரை இல்லை. முடிவுகளின் அட்டவணை, திரையில் உள்ளதை ஒலியாக வாசிக்கும் திரைவாசிப்பானுக்குப் புரியும்படி இல்லை. சரிசெய்ய 20 லட்சம் டாலருக்கு மேல் ஆகும் என்றது ஒலிம்பிக் குழு. ஆணையம் அந்தக் கணக்கை ஏற்காமல், சரிசெய்யும்படி உத்தரவிட்டது. உத்தரவை முழுமையாக நிறைவேற்றாததற்காக மகுவைருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் கொடுக்க நேர்ந்தது. கட்டி முடித்த வீட்டில் கழிவறையை இடம் மாற்றுவதுபோல, பிறகு செய்கிற எதுவும் செலவுதான்.

தமிழ்த் தளங்களுக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. விலையில்லாமல் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பான் தமிழ் வாசிக்கும். ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக் என்ற வாசிப்பான் கூடவே வருகிறது. ஆனால், வாசிக்கப்படுவது ஒருங்குறியில் (யூனிகோட்) இருக்க வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிகிற சொல், கணினிக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். கண்ணால் பார்ப்பவருக்குத் தமிழ். காதால் கேட்பவருக்கு உளறல். தமிழ்நாடு அரசு 2010 ஜூனிலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப் கோப்பையோ, அச்சிட்ட கையேட்டை ஸ்கேன் செய்த படத்தையோ தளத்தில் ஏற்றினால், அந்தத் தகவல் பார்வையற்றவரைப் பொறுத்தவரை இல்லாததுதான். பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று நிரலில் குறித்துவிட்டு உள்ளே தமிழை நிரப்பினாலும், வாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறாமல் போகலாம்.

இதற்கெல்லாம் குறுக்கு வழியாகப் பல தளங்களின் ஓரத்தில் ஒரு சக்கர நாற்காலிச் சின்னம் ஒட்டப்படுகிறது. அழுத்தினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும். உள்ளே உள்ள நிரல் மாறுவதில்லை. இப்படியொரு ஒட்டுமென்பொருளைப் பொருத்தினாலே தளம் தரநெறிக்கு உட்பட்டுவிடும் என்று விளம்பரம் செய்த ஆக்ஸஸிபி நிறுவனத்தின் மீது 2025இல் அமெரிக்க வணிக ஆணையம் 10 லட்சம் டாலர் கேட்டு நடவடிக்கை எடுத்தது.

நிரல் எல்லாம் சரியாக இருந்தும் தளம் பயன்படாமல் போகலாம். அது இரண்டாவது வகை. வடசென்னையை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். கம்பெனிக் காலத்து வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்கப் போன இடம் எண்ணூர். இன்றோ அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெய்க் கசிவும் செய்தியாகும்போதுதான் அதன் பெயர் அடிபடுகிறது. ஆனாலும் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பார்க்க நிறையவே இருக்கிறது: 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், திருவொற்றியூர் தியாகராஜர் கோயில், கடலைப் பார்த்த பட்டினத்தார் சமாதி, கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம்.

சக்கர நாற்காலியில் வருபவருக்கு இந்தப் பட்டியல் போதாது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவில், திருவொற்றியூர் தேரடி நிலையத்திலிருந்து லிஃப்டில் கீழே இறங்கிவிடலாம். அதற்குப் பிறகு? கோயில் வாசல் வரை நடைபாதை தொடர்ச்சியாக இருக்கிறதா, எந்த வாசலில் நிலைப்படி தாழ்வு, சன்னதிக்குள் நாற்காலியை விடுவார்களா என்பதைத் தளம்தான் சொல்ல வேண்டும். மூலவர் ஆதிபுரீசுவரரின் கவசம் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டுமே களையப்படும்; அந்த நாட்களின் நெரிசல் ஊன்றுகோலுடன் வருபவருக்கு எவ்வளவு ஆபத்து என்பதும் தகவல்தான். எண்ணூர் ரயில் நிலையத்தில் படியேறாமல் வெளியே வர முடியுமா, கன்டெய்னர் லாரிகள் ஓடும் விரைவுச்சாலையைப் பார்வையற்றவர் எந்த இடத்தில் கடக்கலாம், முகத்துவாரத்தில் கெட்டித்தரை எதுவரை, மணல் எங்கே தொடங்குகிறது என்று ஒவ்வொரு இடத்துக்கும் கேள்விகள் உண்டு. ‘மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்தது’ என்ற ஒற்றை வரி இவற்றில் எதற்கும் பதில் ஆகாது. ‘நான்கு படி, கைப்பிடி இல்லை, சாய்தளம் இல்லை’ என்று எழுதிவிடுவது அதைவிட நூறு மடங்கு உதவி. வசதி இல்லாததையும் இல்லை என்று எழுத அரசுத் தளங்களுக்குக் கூச்சம் அதிகம். அந்தக் கூச்சத்துக்கான விலையைக் கொடுப்பவர், வாசல் வரை வந்து திரும்புபவர்.

எச்சரிக்கைத் தகவலும் இதில் சேரும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது, மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். சைரனோ ஒலிபெருக்கியோ காது கேளாதவரை எட்டாது. தொழிற்சாலைகள் சூழ்ந்த ஓர் ஊருக்கு ஆளை அழைக்கும் தளம், அவசரச் செய்தி எழுத்து வடிவில் கைபேசிக்கு வரும் ஏற்பாட்டையும் குறிப்பிட வேண்டும்.

தகவல் பழசாவதும் வேகமாக நடக்கிறது. மெரினாவில் 263 மீட்டர் நீள மரப்பாதை 2022 நவம்பர் 27இல் திறக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் அலையின் அருகே போன படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. அடுத்த இரண்டு வாரங்களுக்குள் மாண்டஸ் புயலில் அதன் கடலோரப் பகுதி உடைந்தது, பிறகு சீரமைத்தார்கள். அந்த இடைவெளியில் ‘பாதை உண்டு’ என்று காட்டிய எந்தப் பக்கமும் பொய் சொன்ன பக்கம்தான். ஆகவே ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே, கடைசியாக நேரில் சரிபார்த்த தேதி இருப்பது அவசியம்.

சட்டம் இவ்விஷயத்தில் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதன் 42ஆவது பிரிவு மின்னணு உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருப்பதை அரசின் பொறுப்பாக்கியது. ஆனால், நடைமுறை விதிகளில் வந்த தரநெறிகள் பெரும்பாலும் பரிந்துரைத் தொனியிலேயே இருந்தன. ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8இல் இதைச் சுட்டிக்காட்டி 15(1)ஆம் விதியைச் செல்லாததாக்கியது. மீற முடியாத குறைந்தபட்சத் தரங்களை மூன்று மாதங்களில் வகுக்கும்படி உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 30இல் பிரக்யா பிரசூன் வழக்கில், இணையச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆவது கூறில் அடங்கும் என்றது. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவரிடம் கேமரா முன்னால் கண் சிமிட்டச் சொன்ன வங்கி நடைமுறையிலிருந்து எழுந்த வழக்கு அது. படகுச் சவாரிக்கோ விடுதி அறைக்கோ முன்பதிவு செய்யும் பக்கத்தில், படத்திலுள்ள கோணல் எழுத்துகளைத் தட்டச்சு செய்யச் சொல்வதும் அதே ரகம்தான்.

மீதி இருப்பது யார் செய்வது என்ற கேள்வி. தானியங்கிச் சோதனை மென்பொருள், மாற்று உரை இருக்கிறதா என்று சொல்லும். அது ‘படம்_12’ என்று இருந்தாலும் தேர்ச்சி கொடுத்துவிடும். ராயபுரம் நிலையத்தின் தூண்களைப் பற்றிய ஒரு வரியா, கோப்பின் பெயரா என்பதைத் திரைவாசிப்பானோடு உட்கார்ந்தவரால்தான் சொல்ல முடியும். படிகளை எண்ணவும் கதவை அளக்கவும் அளவு நாடாவும் சக்கர நாற்காலியுமாக ஆள் போக வேண்டும். இதை மாற்றுத்திறனாளிகளிடமே ஊதியம் கொடுத்து ஒப்படைப்பதும், இணையதள ஒப்பந்தத்திலேயே ஆண்டுதோறும் மறுசோதனைக்கு நிதி ஒதுக்குவதும் சுற்றுலாத் துறையால் ஆகிற காரியம். புகாருக்குத் தொலைபேசி எண் மட்டும் கொடுத்தால் காது கேளாதவர் புகார் செய்ய முடியாது. அதே எண்ணில் வாட்ஸ்அப்பும் இயங்க வேண்டும்.