வானில் தொலைபேசிப் பேச்சும் மலையகத்துப் பயணியும்

விமானத்தில் பயணம் செய்வோர் தமது கையடக்கத் தொலைபேசியில் பேசுவதற்கு அனுமதிக்கப்பட வேண்டுமா என்ற கேள்வி புதியதல்ல. ஆனால், இதுவரை காலமும் அதற்குப் பொறியியலாளர்களே பதிலளித்து வந்தனர். இனி அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பயணிகளும் விமான நிறுவனங்களும் அரசாங்கங்களுமாவர். 2024 ஒக்டோபரில் கட்டார் எயார்வேய்ஸ் நிறுவனம் தனது போயிங் 777 விமானத்தில் ஸ்டார்லிங்க் செய்மதி இணைய வசதியைப் பயணிகளுக்கு இலவசமாக வழங்க ஆரம்பித்தது. அத்தகைய இணைப்புள்ள விமானத்தில் வட்ஸ்அப் மூலம் பேசுவது தொழில்நுட்ப ரீதியில் சிரமமான காரியமல்ல. பேசக் கூடாது என்று விதி இருந்தால் மாத்திரமே பேச்சு நிற்கும். கட்டுநாயக்கவிலிருந்து மத்திய கிழக்குக்குப் புறப்படும் விமானங்களில் மலையகத் தோட்டங்களின் பெண்களும், ஹட்டன், நுவரெலியா நகரங்களின் வர்த்தகர்களும், உம்ரா யாத்திரிகர்களும் அருகருகே அமர்ந்து செல்கின்றனர். எனவே இது எமக்குத் தூரத்து விவகாரமல்ல.

தடை முதலில் எதற்காக வந்தது என்பதை நோக்க வேண்டும். அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு 1991 ஆம் ஆண்டு பறக்கும் விமானத்தில் கையடக்கத் தொலைபேசிப் பாவனையைத் தடை செய்தபோது, அதன் பிரதான கவலை விமானத்தைப் பற்றியதாக அன்றித் தரையிலுள்ள தொலைபேசி வலையமைப்பைப் பற்றியதாகவே இருந்தது. பத்தாயிரம் மீற்றர் உயரத்தில் உள்ள ஒரு தொலைபேசியின் அலை, ஒரே நேரத்தில் பெருந்தொகையான கோபுரங்களை எட்டி அவற்றைக் குழப்பிவிடும். மலையகத்தவருக்கு இதனை விளக்க அதிக சிரமப்பட வேண்டியதில்லை. பள்ளத்து லயத்தில் சிக்னல் கிடைக்காதவர்கள் உச்சி மலைக்கு ஏறிச் சென்று பேசுவது அவர்கள் அறிந்ததே. விமானமோ எல்லா மலைகளுக்கும் மேலான மலை. கோபுரத்தைத் தேடித் தொலைபேசி தனது வலுவைக் கூட்டும்போது விமானிகளின் காதணிக் கருவிகளில் இரைச்சல் எழும் என்பது மற்றொரு கவலை. பயணி ஒருவரின் தொலைபேசிப் பேச்சினால் விமானமொன்று வீழ்ந்தது என நிரூபிக்கப்பட்ட சம்பவம் எதுவும் இல்லை. எனினும் மக்கள் மனதில் அந்த அச்சமே நிலைத்துவிட்டது.

இவ்விரு கவலைகளுக்கும் பரிகாரம் காணப்பட்டுப் பல வருடங்களாகின்றன. விமானத்துக்குள்ளேயே குறைந்த வலுவுடைய சிறு தொலைபேசி நிலையம் ஒன்றைப் பொருத்தி, அங்கிருந்து செய்மதி ஊடாக அழைப்பைத் தரைக்கு அனுப்பும் முறை உருவாக்கப்பட்டது. 2008 மார்ச் மாதம் டுபாயிலிருந்து கசபிளங்கா சென்ற எமிரேட்ஸ் விமானத்தில் பயணிகள் தமது சொந்தக் கையடக்கத் தொலைபேசியில் பேச அனுமதிக்கப்பட்டனர். அதே வருடம் ஐரோப்பிய ஆணைக்குழுவும் இவ்வசதிக்கான விதிகளை வகுத்தது. இந்தியா 2018 டிசம்பரில் விமானங்களிலும் கப்பல்களிலும் தொடர்பாடல் வசதி வழங்குவதற்கான விதிகளை வெளியிட்டது.

அமெரிக்காவோ எதிர்த்திசையில் சென்றது. 2013 இல் அதே ஆணைக்குழு தனது பழைய தடையை நீக்க யோசனை முன்வைத்ததும் பொதுமக்களும் விமானப் பணியாளர் சங்கங்களும் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2018 இல் அந்நாட்டு காங்கிரஸ் நிறைவேற்றிய விமானத்துறைச் சட்டத்தில் குரல் அழைப்புகளைத் தடை செய்யும் பிரிவு சேர்க்கப்பட்டது. 2020 இல் ஆணைக்குழு தன் யோசனையையே கைவிட்டது. பாதுகாப்பு அங்கு பிரதான வாதமாக இருக்கவில்லை. மூடிய கூட்டில் பல மணித்தியாலங்கள் அடைபட்டிருக்கும் மனிதர்கள், அந்நியர் ஒருவரின் குடும்ப விவகாரத்தையோ வியாபாரப் பேரத்தையோ கேட்டுக்கொண்டிருக்க நிர்ப்பந்திக்கப்படலாமா என்பதே வாதம்.

இவ்வாதத்தை வசதி படைத்தோரின் சிணுங்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. அருகில் இருவர் உரையாடுவதைக் காட்டிலும் ஒருவர் தொலைபேசியில் பேசுவதே மனதை அதிகம் அலைக்கழிக்கிறது என 2010 இல் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பேச்சின் ஒரு பாதி மட்டும் காதில் விழும்போது, மறு பாதியை ஊகிக்க மூளை ஓயாமல் முயல்கிறதாம். ஹட்டனிலிருந்து கொழும்பு செல்லும் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இந்த ஆய்வு அவசியமில்லை. ஒரு ஆசனத்தில் காணி வழக்கு, மறு ஆசனத்தில் கல்யாணப் பேச்சு, பின்னாசனத்தில் ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டுச் சினிமாப் பாட்டு என்று பயணம் நடக்கிறது. கினிகத்தேனை வளைவுகளில் சாரதியும் காதில் தொலைபேசியைச் செருகிக்கொள்ளும் கொடுமையைப் பற்றித் தனியே எழுத வேண்டும். பஸ்ஸிலாவது அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிவிடலாம்.

இவ்விடயத்தில் மலையகத்துக்கு என்றொரு கணக்கு இருக்கிறது. தொலைபேசி என்பது நீண்டகாலம் துரையின் பங்களாவிலும் தோட்டக் காரியாலயத்திலும் தொழிற்சாலையிலும் மட்டுமே இருந்த பொருள். தொழிலாளியின் கடிதம்கூடக் காரியாலயத்தின் வழியாகவே வந்தது. லயன் அறைகளுக்குத் தனியான முகவரி இல்லாத குறை பல தோட்டங்களில் இன்றும் தீரவில்லை. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலின் இரு கரைகளிலும் பிரித்துப் போட்டபோது, மரணச் செய்தி காரியம் முடிந்த பின்னரே வந்து சேர்ந்த வீடுகள் உண்டு. செய்தி தாமதிப்பதன் வேதனையை அனுபவித்த சமூகம் இது. அவ்வாறான சமூகத்திடம் விமானத்தில் தொலைபேசி எதற்கு என்று எவரும் இலகுவாகக் கேட்டுவிட முடியாது.

இன்று அச்சமூகத்திலிருந்து விமானம் ஏறுபவர் பெரும்பாலும் யார்? தேயிலையில் கிடைக்கும் சம்பளம் போதாமல் வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்லும் தாய். தோட்டத் தொழிலாளியின் நாளாந்தச் சம்பளம் 2024 இல் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அத்தொகையைப் பெறுவதற்கே எத்தனை பேச்சுவார்த்தைகள் தேவைப்பட்டன என்பதை வாசகர்கள் அறிவர். பிள்ளையைப் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, மலையிறங்கிப் பல மணித்தியாலம் பயணித்துக் கட்டுநாயக்கவை அடையும் அவள், ஐந்து மணித்தியாலம் அளவில் பறந்து வளைகுடா நாடொன்றில் இறங்குகிறாள். அங்கு எஜமானரின் வீட்டுக்குள் நுழைந்த பின்னர் அவளது தொலைபேசி அவளிடமே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சவூதி அரேபியா, குவைத், லெபனான், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய நாடுகளில் இலங்கைப் பணிப்பெண்களின் நிலை குறித்து மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2007 இல் வெளியிட்ட அறிக்கை, வெளித்தொடர்பு மறுக்கப்பட்டு வீட்டுக்குள் அடைத்து வைக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தது. கண்ணியமாக நடத்தும் வீடுகளும் உண்டு. ஆயினும் எந்த வீடு வாய்க்கும் என்பதை அவள் விமானத்தில் இருக்கும்போது அறியாள். தொலைபேசி நிச்சயமாகத் தன் கையில் இருக்கும் கடைசி மணித்தியாலங்கள் அவளுக்கு அந்த ஆசனத்தில்தான் கழிகின்றன.

அப்படியாயின் குரல் அழைப்பை அனுமதிக்கும்படி நாம் கேட்க வேண்டாமா? வேண்டாம் என்பதே எமது நிலைப்பாடு. விமானத்துச் சிறு நிலையத்தின் ஊடாகப் பேசும் அழைப்புக்கு நிமிடத்துக்குப் பல டொலர்கள் அறவிடப்படுகின்றன. ஓரிரு நிமிடப் பேச்சிலேயே மேற்சொன்ன ஒரு நாள் சம்பளம் கரைந்துவிடும். அமெரிக்க விமானங்களின் ஆசனங்களில் பொருத்தப்பட்டிருந்த தொலைபேசிகளும் கட்டணம் காரணமாகவே பாவனையின்றிப் போய், 2006 இல் அச்சேவையை நடத்திய நிறுவனம் விலகிக்கொண்டது. பணம் கொடுத்துப் பேசும் முறை வந்தால், பேசப் போகிறவர் அவளல்ல. அவளுக்குப் பக்கத்து ஆசனக்காரர். அழுது ஓய்ந்து சற்றுக் கண்ணயர்ந்தவளின் காதருகே அவர் சரக்குப் பெட்டிக் கணக்குப் பேசிக்கொண்டிருப்பார்.

உம்ரா யாத்திரிகர்களையும் நினைத்துப் பார்க்கலாம். ஜித்தா செல்லும் விமானத்தில் மீக்காத் எல்லை நெருங்குவது அறிவிக்கப்படுகிறது. இஹ்ராம் நிய்யத் வைத்துத் தல்பியா ஓதும் அந்த வேளையில், வாழ்நாள் சேமிப்பைச் செலவழித்து வந்த முதியவருக்கு முன்னால் ஒருவர் கடை வாடகை குறித்து உரக்க வாதிடுவதை எந்த மார்க்க அறிஞரும் ஒப்புக்கொள்ளமாட்டார். ஆசனத்தை விட்டு எழுந்து செல்ல அம்முதியவருக்கு இடமுமில்லை.

அவசர நிலைமை ஏற்பட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2001 செப்டெம்பர் 11 ஆம் திகதி கடத்தப்பட்ட யுனைட்டட் 93 விமானத்தின் பயணிகள், ஆசனத் தொலைபேசிகள் வழியாகவே ஏனைய விமானங்களின் கதியை அறிந்தனர், வீட்டாரிடம் விடைபெற்றனர். 2024 டிசம்பர் 29 ஆம் திகதி தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் ஜேஜு எயார் விமானம் விபத்துக்குள்ளாவதற்குச் சற்று முன்னர், இறக்கையில் பறவை சிக்கியிருப்பதாகப் பயணி ஒருவர் உறவினருக்கு அனுப்பிய குறுஞ்செய்தி வந்து சேர்ந்தது. அந்தச் சில விநாடிகளில் அவருக்கு எழுத்துச் செய்தியே கைகொடுத்தது. உயிராபத்தில் எவரும் விதியைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை, பார்க்க வேண்டியதுமில்லை. ஆனால் அபூர்வமாக நேரும் அந்த வேளைக்காக நாளாந்தப் பயணம் முழுவதையும் பேச்சுக்குத் திறந்துவிட வேண்டும் என்பது பொருந்தாது.

எனவே குரலுக்குத் தடையும் எழுத்துச் செய்திக்கு அனுமதியும் போதுமானவை என்று முடிவுக்கு வரலாம் போலத் தோன்றும். அங்குதான் ஒரு சிக்கல். தோட்டத்துப் பெண்கள் பலருக்கு எழுத்து இலகுவாகக் கைவருவதில்லை. எட்டாம் வகுப்பைத் தாண்டாமல் மலைக்குக் கொழுந்து பறிக்கச் சென்றவர்களுக்குக் கையடக்கத் தொலைபேசியின் தமிழ் விசைப்பலகை பெரும் சோதனை. அவர்கள் வட்ஸ்அப்பில் குரலைப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். வீட்டிலிருக்கும் பாட்டியும் அவ்வாறே பதில் அனுப்புகிறார். எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டும் வாயைத் திறந்துவிட்டு மற்றவர்களுக்கு மூடிவிடும் விதி நீதியானதல்ல. அரை நிமிடம் மெல்லச் சொல்லி அனுப்பும் குரல் பதிவையும், அதனைக் காதணியில் கேட்பதையும் உடனுக்குடன் நடக்கும் அழைப்போடு சேர்த்துத் தடை செய்யலாகாது. விமானப் பணியாளருக்கு இரண்டையும் பிரித்தறிவது கடினம் என்ற ஆட்சேபம் எழலாம். புகை பிடிப்பவரைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத காரியமாக இருக்காது.

இனி மறுமுனை. வானில் இருப்பவரின் செய்தியைப் பெற்றுக்கொள்ளத் தரையில் ஒருவர் இருக்க வேண்டுமே! 2021 இல் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, ஊவா மாகாணத்தின் போஹிடியாவ கிராமத்தில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் இணையப் பாடத்துக்காகக் காட்டு வழியே பாறையொன்றின் மீது ஏறிச் சென்றதை உலகச் செய்தி நிறுவனங்கள் படமெடுத்தன. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலின்போது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் நிகழ்ந்து, மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டதால், தம் லயம் இருக்கிறதா இல்லையா என்றறியாமல் வெளிநாடுகளில் தவித்தவர்கள் பலர். அதே வருடம் ஜூலையில்தான் ஸ்டார்லிங்க் சேவை இலங்கையில் ஆரம்பிக்கப்பட்டிருந்தது. விமானத்துக்கு இணைப்புத் தரும் செய்மதிகளே லயத்தின் மேலாகவும் செல்கின்றன. அதன் மாதக் கட்டணமோ தோட்டத் தொழிலாளி எட்டிப் பிடிக்கக்கூடியதல்ல.

ஸ்ரீலங்கன் விமான சேவையும், எமது தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வளைகுடா நிறுவனங்களும் செய்திப் பரிமாற்றத்தையேனும் சகல வகுப்புப் பயணிகளுக்கும் கட்டணமின்றி வழங்க வேண்டும். அதனைத் தேசிய விமான சேவைக்குப் பணிப்புரையாகவும் ஏனையவற்றுக்குக் கோரிக்கையாகவும் அரசாங்கம் முன்வைக்கலாம். குரல் அழைப்புத் தொடர்பில் சிவில் விமான சேவைகள் அதிகார சபை தெளிவான விதியொன்றை இப்போதே வகுப்பது நல்லது. வசதி பரவிய பின்னர் தடை செய்ய முற்பட்டால் சண்டையில்தான் முடியும். தோட்டப் பகுதிகளுக்குக் கோபுரங்களையும், மின்சாரம் தடைப்பட்டாலும் அவை இயங்குவதற்கான ஏற்பாட்டையும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு உறுதி செய்ய வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் பணிப்பெண்களுக்கு நடத்தும் பயிற்சியில் சலவை இயந்திரத்தை இயக்கக் கற்பிக்கிறது. விமானத்தின் இணைய வசதியில் இணைந்து வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்புவது எவ்வாறு, தொழில் ஒப்பந்தத்தையும் தூதரகத்தின் இலக்கத்தையும் படமெடுத்து வீட்டாரிடம் சேர்ப்பது எவ்வாறு என்பதற்கும் அப்பயிற்சியில் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்க முடியும்.